வரைவதற்கு முன் பீடத்தில் உள்ள பெயரைப் படியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஓவியமும் வடிவமைப்பும் தெரிந்த ஒருவர் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களைச் சுற்றி, சாலையோரம் கண்ணில் படும் விநோதமான பொருட்களைப் பார்த்து வரைய வேண்டும் என்றால் எங்கே தொடங்கலாம், எப்படிப் பார்க்கலாம், முடிந்தால் மாநிலம் முழுமைக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

பட்டியல் வேண்டாம் என்பேன். முதல் தடவைக்கு ஒரே ஒரு சாலை போதும்: திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி. நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காரில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகிற இந்தத் தூரத்துக்குள், சமணத் துறவிகளின் குகைக் கற்படுக்கையிலிருந்து சமீபத்தில் சுட்டு வைத்த மண்குதிரை வரை, இரண்டாயிரம் வருடக் கைவேலை இருக்கிறது. படம் வரைகிறவர்களுக்கு இதைவிட அடர்த்தியான சாலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கிளம்புமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சாலையோரங்களில் நிற்கும் பழைய பொருட்கள் எதுவும் வழிப்போக்கரை நிறுத்தி வேடிக்கை காட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேண்டுதலோ, ஒரு சாவோ, ஒரு பஞ்சகாலமோ இருக்கும். பலவற்றில் செய்து வைத்தவர் பெயரும் இருக்கும். ஆகவே குதிரையின் முகத்தை வரைய உட்காருமுன் பீடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். யார் உபயம், எந்த ஊர், எந்த வருடம் என்று படியுங்கள். எழுத்து இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டு வரையும்போது கோடு வேறு மாதிரி விழுகிறது. என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கம்தான் ஒரு பயணத்தை வெறும் படத் தொகுப்பாகப் போய்விடாமல் காப்பாற்றியிருக்கிறது.

அய்யனார் கோயில்களிலிருந்து ஆரம்பிப்போம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரத்திலும், அதற்குப் பக்கத்தில் இளங்குடிப்பட்டியிலும், கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன. புதியவை முன்னால், பழையவை அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால் கால் போனவை, தலை போனவை, கடைசியில் வெறும் ஓட்டுத் துண்டுகளாகப் புல்லுக்குள் கிடப்பவை. உடைந்ததை யாரும் அகற்றுவதில்லை. நேர்ந்துகொண்டு வைத்ததை மண் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

உடைந்த குதிரைகளை அவசரப்பட்டுக் கடந்துபோய்விடாதீர்கள். முழுக் குதிரையில் தெரிவது அலங்காரம்: கழுத்து மணி, மார்புப் பட்டை, பெருவிரலால் அழுத்தி அழுத்திச் செய்த கயிற்று முறுக்கு, பிதுங்கிய கண், காட்டிய பல். உடைந்த குதிரையின் வயிற்றுக்குள் குனிந்து பார்த்தால், குதிரை செய்யும் குயவரான வேளாரின் விரல்தடம் அப்படியே சுட்டுக் கெட்டிப்பட்டிருக்கும். உட்புறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அங்கே வழித்து மெழுகவில்லை. நான்கு விரல் ஒரே பக்கமாக இழுத்த வரி, அடுத்த அடுக்கு மண் சேர்ந்த இடத்தில் ஒரு மேடு. சுவரின் தடிமன் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதும் தெரியும். ஒரு குதிரையை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஊரார் கூடித் திருவிழா முடிவானதும் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்பது அதுதான். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியோ வைக்கோலோ சேர்த்து மிதித்துப் பதமாக்குவார்கள். முதலில் நான்கு கால்கள், குழாய் மாதிரி, உள்ளே வெற்றிடமாக. அவை ஓரளவு இறுகிய பிறகு வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. சுடும்போது உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேற ஆங்காங்கே துளை விடுவார்கள். சிங்கம்புணரிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, எந்த எடத்துல அதிகமா விரிசல் விடும்?" என்று கேட்டேன். "கீழ காஞ்சிருக்கும், மேல ஈரமா இருக்கும். ரெண்டும் சேர்ற எடத்துலதான் தம்பி வாய் விடும். கழுத்தப் பாத்துக்கணும்," என்றார். அதன் பிறகு எந்த அய்யனார் கோயிலுக்குப் போனாலும் என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகிறது.

குதிரையைச் சுட்டு, சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, கண் திறந்து, ஊர் கூடித் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கும் விழாவுக்குப் புரவி எடுப்பு என்று பெயர். ஊருக்கு ஊர் மாதம் மாறும். சிங்கம்புணரி வட்டாரத்தில் ஆனி, ஆடியில் நிறைய நடக்கும். எந்த ஊரில் எப்போது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேளார்களைக் கேட்பதுதான் வழி. எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பெரிய குதிரையும் உண்டு. ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் போனால் வரும் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அங்கே நிற்கும் குதிரையின் உயரம் 33 அடி என்கிறார்கள். மாசிமகத்தன்று வேண்டிக்கொண்டவர்கள் காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து அதன்மேல் சார்த்துவார்கள். ஆயிரக்கணக்கான மாலைகள் விழுந்த பிறகு குதிரையின் உடம்பே தெரியாது. வண்ணக் காகிதத்தால் ஆன ஒரு குன்றிலிருந்து முகம் மட்டும் எட்டிப் பார்க்கும். இதை வரைய வேண்டுமானால் மாசிமகத்துக்கு முந்தைய நாளும் ஒருமுறை போய் வெறும் குதிரையை வரைந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் உருவம் தெரியாமல் மேலே இருக்கும் மாலையை வரைய முடியாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கலை படித்தவர்கள் பலர் மண்குதிரையை மட்டும் கொண்டாடிவிட்டு, பளபளக்கும் எனாமல் பெயின்ட் அடித்த சிமென்ட் குதிரையைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிமென்ட் குதிரையின் பீடத்தைப் படித்துப் பாருங்கள்: உபயம் என்று போட்டு ஒரு பெயர், அதன் கீழே சிங்கப்பூர் என்றோ மலேசியா என்றோ இருக்கும். கடல் தாண்டிப் போய் உழைத்த ஒருவர், வருடாவருடம் ஊருக்கு வந்து மண்குதிரை எடுக்க முடியாததால், மழைக்குக் கரையாத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். வேண்டுதலில் என்ன குறை? அந்த நீலத்தையும் ரோஸையும் உள்ளது உள்ளபடி உங்கள் நோட்டில் கொண்டுவாருங்கள். மங்கலான காவியாக மாற்றி அழகுபடுத்தாதீர்கள்.

அடுத்தது கண்மாய்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது கண்மாய் நடுவில் தனியாக இரண்டு உயரமான கல்தூண்கள், இடையில் குறுக்குக் கற்கள், சுவரும் வீடும் இல்லாத ஒரு வாசல் போல நிற்பதைக் காண்பீர்கள். அது குமிழித் தூம்பு. கண்மாயின் தரையில் ஒரு கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, அடியில் பக்கவாட்டில் சின்னத் துளைகள். மேல்துளையை ஒரு அடைப்பால் மூடி, அதில் பொருத்திய நீண்ட கம்பைத் தூண்களுக்கிடையே உள்ள குறுக்குக் கல்லின் ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்திருப்பார்கள். கம்பைத் தூக்கினால் தண்ணீர் மேல்துளை வழியாக இறங்கி, கரைக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக வயலுக்குப் போகும். போகிற வேகத்தில் அடித்துளைகள் வழியாகச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மேல்துளைக்கு நீரோடி என்றும் கீழ்த்துளைக்குச் சேறோடி என்றும் பெயர். தண்ணீர் எடுக்கும்போதே தூரும் கொஞ்சம் போய்விடுகிற ஏற்பாடு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தூம்புகளும் இருக்கின்றன. பலவற்றின் தூணில் இந்தக் குமிழியைச் செய்வித்தவர் இன்னார் என்று கல்வெட்டு உண்டு. குதிரைப் பீடத்தில் படித்த உபயம் இங்கே பழைய எழுத்தில் இருக்கிறது.

தூம்பைச் சித்திரை, வைகாசியில் போய்ப் பார்ப்பது நல்லது. தண்ணீர் வற்றியிருந்தால் தூண் வரை நடந்து போய்த் தொட்டியையே வரையலாம். மார்கழியில் போனால் தூணின் நுனி மட்டும் தெரியும், அதன்மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். இரண்டும் நல்ல படம்தான், ஆனால் இயக்கம் புரிவது கோடையில்தான்.

சாலையோரத்தில் இன்னும் சில கற்களைக் கவனியுங்கள். இரண்டு செங்குத்துக் கல், மேலே ஒரு படுக்கைக் கல் என்று நிற்பது சுமைதாங்கி. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது. பாரத்தோடு போனவளின் ஆத்மா, வழிப்போக்கர் பாரத்தை இறக்கி வைக்கும்போது ஆறுதல் அடையும் என்பது நம்பிக்கை. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அப்படியே கல்லுக்கு மாற்றி, களைப்பாறிவிட்டு மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரம் அதற்கு. அதனால் அதைத் தனியாக வரையாமல் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி வரையுங்கள். இல்லாவிட்டால் ஏன் அந்த உயரம் என்று பார்ப்பவருக்குப் புரியாது. சிலவற்றில் பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்துப் போடப்படுவது இந்தக் கற்கள்தான். எங்கே பார்த்தாலும் இடத்தைக் குறித்துவைத்து, எழுத்து இருந்தால் எழுத்தையும் பிரதி எடுங்கள். கண்மாய்க் கரைகளில் தனியாக நட்டிருக்கும் சொரசொரப்பான கல், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வைத்த ஆவுரிஞ்சி. அதன் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அது மாட்டின் வேலை.

சின்ன ஊர்களுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய இடங்களைப் பற்றிக் கொஞ்சம். சித்தன்னவாசலுக்கு எல்லோரும் தாமரைக்குள ஓவியத்துக்காகப் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், சிதைந்த பிறகும் அந்தப் பூப்பறிக்கும் ஆளின் இடுப்பு வளைவைப் போல ஒரு கோடு போட முடியுமா என்று நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். ஆனால் ஏழடிப்பட்டத்துக்கும் ஏறுங்கள். பாறைச்சரிவில் வெட்டிய படிகள் வழியாகப் போனால் குகையில் வழவழப்பான கற்படுக்கைகள். ஒன்றில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. யாருக்கு, எந்த ஊர்க்காரருக்கு, யார் செய்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறது. கீழே, ஓவியம் உள்ள குடைவரைக் கோயிலைப் பிற்பாடு புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பதும் கல்வெட்டிலேயே உள்ளது.

திருச்சி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நார்த்தாமலை. அங்கே மேலமலையில் விஜயாலய சோழீச்சரம். வட்டமான கருவறை, வெயில் சாயும்போது பாறையும் கோயிலும் ஒரே நிறமாகிவிடும். சாத்தன் பூதி எடுப்பித்த கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று அங்கேயும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். திருமயம் கோட்டை 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது, ஏறிப் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது கோட்டைச் சுவரை ஒட்டிச் சாலையோரம் இருக்கும் பைரவர். லாரி, பஸ், வேன் என்று வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். பத்து நிமிடம் நின்றால் போதும், விரைவாக வரைந்து பழக அத்தனை விதமான ஆட்கள் கிடைப்பார்கள்.

காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு தெருவை மெதுவாக நடந்தால் போதும். நேரத்தை ஆத்தங்குடிக்கு வையுங்கள். அங்கே பூக்கல் என்னும் தரை ஓடு செய்யும் பட்டறைகளில் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்கள். முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் கோலம் மாதிரி வளைந்த தகடுகளால் ஆன அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அப்படியே நேராகத் தூக்கி எடுத்துவிடுவார்கள். வண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கலக்காமல் நிற்கும். கை ஒரு நூல் அளவு ஆடினால் ஓரம் கலங்கிவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்திக் காயவிடுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறல். சூளை கிடையாது. கண்ணாடியிலிருந்து கல்லைக் கழற்றும்போது கண்ணாடி பட்ட முகம் தானே பளபளப்பாக வருகிறது. பூவைத் தலைகீழாக, பின்பக்கத்திலிருந்து ஊற்றுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஊற்றுகிறவருக்குத் தான் செய்த பூவின் முகம் கல் காய்ந்து கழறும் வரை தெரியாது. அச்சு இல்லாமல் கையாலேயே வண்ணத்தை இழுத்துச் சுழி போடுகிறவர்களும் உண்டு. அதைப் பார்க்கக் கிடைத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். கதவு, தூண், எனாமல் பாத்திரம், கண்ணாடிச் சட்டத்தில் சாமிப் படம் எல்லாம் கிடைக்கும். அங்கே உள்ளதெல்லாம் ஒரு வீடு பிரிக்கப்பட்டதால் வந்தது என்பதை நினைவில் வைத்தால் வாங்கும் ஆசை கொஞ்சம் அடங்கும். வரைவதற்கு அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

நடைமுறை விஷயங்கள். டவுன் பஸ்ஸில் போங்கள். நெடுந்தூர வண்டிகள் புறவழிச்சாலையில் ஓடிவிடும். டவுன் பஸ்தான் ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து திரும்பும். புதுக்கோட்டையில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு திசைக்குப் போய் வருவது சௌகரியம். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. அதை முதல் நாளிலேயே பார்த்துவிட்டால் பிறகு வெளியில் பார்ப்பவை எல்லாம் அடையாளம் தெரியும். அய்யனார் கோயில்காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். விழுந்து கிடக்கும் ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சில ஊர்களில் உண்டு. குதிரையின் உடைந்த துண்டை நினைவுக்காக எடுத்து வருவது எங்கும் தவறு. சில கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போவதில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாகவே எழும்பி நிற்கும்.

வரைந்துகொண்டிருக்கும்போது கண்டிப்பாக யாராவது வந்து, "எந்த ஊரு? எதுக்கு வரையிறீங்க?" என்று கேட்பார்கள். வேலை கெடுகிறதே என்று நினைக்காமல் நோட்டை அவர்களிடமே கொடுங்கள். பத்தில் எட்டுப் பேர் அந்தக் குதிரை யார் வீட்டு நேர்ச்சை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டது என்று சொல்லத் தொடங்குவார்கள். பீடத்தில் எழுதாத பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

இந்தச் சாலைக்கு வெளியே, மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் உள்ள கயத்தாறு, பெயர் பொறிக்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு விதத்தில் விதிவிலக்கு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டு அங்கே ஒரு கற்குவியல் எழுந்திருந்ததைப் பிஷப் கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். யார் பெயரும் பொறிக்கப்படாத உபயம் அது. இப்போது உள்ள சிலை, நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி வைத்தது.

முதல் சாலையை முடித்த பிறகு அடுத்ததாகத் தருமபுரி, செங்கம் பக்கம் போங்கள். அது இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களின் நாடு. எடுத்தனூர் நடுகல்லில் வில்லும் கையுமாக நிற்கும் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் மாட்டு மந்தையைக் காக்கப் போய் இறந்தவன் அவன். கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று நாய்க்கும் பெயர் சொல்லிக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் மைல்கல்லை ஒரு வடிவமைப்பாளர் பார்க்காமல் விடக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்றாவளம் என்ற ஊருக்குக் காதம் 29 (காதம் என்பது பழைய தூர அளவு) என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டிவிட்டு, அதன் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சின்னக் குழிகளும் போட்டிருக்கிறார்கள். பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுத்துத் தெரியாதவரும், இருட்டில் வந்தவரும் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். அந்தப் பக்கம் ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம், பஸ் குறைவு. சொந்தமாக ஒரு இருசக்கர வண்டியும் பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இருந்தால்தான் சரிப்படும்.